முன்னறைக்கு வந்த கட்டில்

குன்னுகுழியில் யோசுவா என்று ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். மராமத்து இலாகாவில் வேலை. சொந்த ஊர் பளுகலுக்குப் பக்கம். படிக்க வந்தவர் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிது. எதைச் சொன்னாலும் முதலில் மறுப்பார், பிறகுதான் யோசிப்பார். ஆபீசில் இதனால் அவருக்கு நல்ல பெயர். அவர் கையைத் தாண்டிப் போன ஃபைலில் ஓட்டை இருக்காது. வீட்டில் இதனால் என்ன பெயர் என்பதை அவர் மனைவி தாசம்மாள் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை.

யோசுவாவின் ஒரே ஆடம்பரம் வீட்டின் முன்னறை. மகளை நெய்யூரில் கட்டிக்கொடுத்த மறுவருஷம், பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டியது. சிவப்புச் சிமெண்ட் தரை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். ஜன்னலுக்குப் பச்சைக் கண்ணாடி. நடுவில் பிரம்பு சோபா, இரண்டு நாற்காலி, வட்டமான டீப்பாய். மூலையில் கண்ணாடி அலமாரி, அதற்குள் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். சீஃப் எஞ்சினீயர் யாராவது ஒருநாள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதுபோல அந்த அறை எப்போதும் தயாராக இருந்தது. ஒரு எஞ்சினீயரும் வரவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்கமாக அடுக்களைக்கு வந்து தாசம்மாளிடம் பேசிவிட்டுப் போனார்கள். யோசுவாவே அந்த சோபாவில் உட்காரமாட்டார், துணி அழுக்காகும் என்று.

1951-ல் அவர்களுடைய புராட்டஸ்டண்ட் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். சற்குணம் என்று பெயர். பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்தவர், முப்பது வயது இருக்காது. புதன்கிழமை சாயங்கால வகுப்பில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். ஆதிச் சபையின் வேதசாஸ்திரிகளை வாரத்துக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன போதித்தார்கள், போதித்ததைச் சொந்த வீட்டிலும் ஊரிலும் எப்படிச் செய்து காட்டினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

முதல் வாரமே யோசுவா எழுந்து நின்றார்.

"போதகரையா, இந்த அர்ச்சிஷ்டவங்க, புனிதருங்க எல்லாம் ரோமன் கத்தோலிக்கருக்கு உள்ளதாக்கும். நமக்கு வேதபுஸ்தகம் மதி, வேறொண்ணும் வேண்டாம்."

"மதிதான் சாரே. அத வாசிச்சவங்க எப்படி ஜீவிச்சாங்கண்ணு பாக்கப்பிடாதா?"

"அவங்க நம்ம ஆளு இல்லியே."

சற்குணம் சிரித்தார். "சபை ரெண்டாப் பிரியதுக்கு எத்தனையோ நூறு வருசம் முன்ன இருந்தவங்க. சொத்து பாகம் வைக்கையில நெலத்தப் பிரிப்பாங்க. தாத்தாவையுமா ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுப்பாங்க?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. யோசுவாவும் உட்கார்ந்துவிட்டார். நல்ல பதிலுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்தான் அவர்.

அதற்கப்புறம் புதன்கிழமை வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்தது. ஹிப்போ பட்டணத்து அகுஸ்தீன் தன் சாப்பாட்டு மேசையில், இங்கே இல்லாதவரைக் குறை பேசுகிறவர் இந்தப் பந்தியில் உட்கார வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார் என்று போதகர் சொன்ன வாரம், பெண்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சே இல்லாமல் நடந்தார்கள். செசரியாவில் பசீலியு பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குச் சோறு போட்டதும், பட்டணத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஒரு பெரிய விடுதி கட்டியதும் இன்னொரு வாரம். யோசுவா எல்லாவற்றையும் கேட்டார். கட்டிடம் பற்றிய பேச்சு வந்தபோது மராமத்து இலாகாக்காரர் என்ற முறையில் சில சந்தேகங்களும் கேட்டார்.

கிறிசோஸ்தோம் யோவானின் வாரத்தில் மட்டும் யோசுவா போகவில்லை. ஆபீசில் ஆடிட். தாசம்மாள் தனியே போய்வந்தாள். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மீன்குழம்பை விட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இஞ்ச கேளுங்க. இண்ணைக்கு ஒரு பேராயரப் பத்திச் சொன்னாரு. கான்ஸ்டாண்டிநோப்பிள்ல இருந்தவரு. பேச்சு அவ்வளவு நல்லா இருக்குமாம், அதனால பொன்வாயன்னு பேரு."

"செரி."

"அவரு சபையாருட்ட சொன்னாராம், ஒவ்வொருத்தனும் வீட்டுல ஒரு அறைய அந்நியனுக்குண்ணு ஒதுக்கிவைக்கணும்ணு. ஒரு கட்டிலு, ஒரு மேச, ஒரு வெளக்கு. அதுக்குக் கிறிஸ்துவுக்க அறைண்ணு பேரு."

யோசுவா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பேச்சு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நமக்கு முன்னறை சும்மா கெடக்கு" என்றாள் தாசம்மாள்.

"சும்மாவா கெடக்கு? அது விசிட்டிங் ரூமாக்கும்."

"விசிட் பண்ண ஆரு வந்தா?"

தாசம்மாளுக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் சந்தைக்குப் போகும் வழியில்தான் பெரிய ஆஸ்பத்திரி. தெற்கே விளவங்கோடு, கல்குளம், தோவாளைப் பக்கங்களிலிருந்து நோயாளிகளோடு வருகிற சனங்கள் அங்கே மரத்தடியிலும் வராந்தாவிலும் துணியை விரித்துப் படுத்துக்கிடப்பார்கள். நர்ஸ் மலையாளத்தில் சொல்வது பாதி புரியாது. "அம்மா, இது எந்த வார்டு?" என்று தன் ஊர்ப் பேச்சில் யாராவது கேட்டால் தாசம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கூடவே போய் விட்டுவருவாள். மீன் கெட்டுப்போகும். அதனால்தான் அந்த வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது குழம்பில் புளி கூடுதலாக இருந்தது.

"ஆசுபத்திரிக்கு முன்ன சத்திரம் இருக்கு. கவர்மெண்டு பாத்துக்கிடும். நாம என்னத்துக்கு?" என்று யோசுவா எழுந்து கைகழுவினார்.

மறுநாள் அவர் ஒரு காரியம் செய்தார். நேரே போதகர் வீட்டுக்குப் போய், அந்தப் பேராயரின் பிரசங்கங்கள் அடங்கிய இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கிவந்தார். தலையணை கனம். பொன்வாயன் உண்மையில் என்ன சொன்னார், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், அது குன்னுகுழிக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுவது என்று முடிவு. ஒரு சட்டத்தில் ஒரு விலக்காவது இல்லாமல் இருக்காது என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம்.

புத்தகம் கனமானதால் மடியில் வைத்து வாசிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் முன்னறை சோபாவில் உட்கார்ந்து, டீப்பாயில் வைத்து வாசித்தார். தாசம்மாள் கதவோரமாக வந்து பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் போனாள்.

வாசித்துக்கொண்டு போனவருக்கு முதலில் ஒரு அடி விழுந்தது. அந்தப் பட்டணத்துக்காரர்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்: சபைக்கு விடுதி இருக்கிறதே, அந்நியர் அங்கே போகட்டுமே என்று. அதற்குப் பேராயர், உனக்காக வேறொருவன் ஜெபம் பண்ணிவிட்டால் நீ பண்ண வேண்டியதில்லையா என்று கேட்டிருந்தார். யோசுவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். தான் நேற்று சொன்னதற்கு இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் எழுதிவைத்திருப்பது அவருக்குக் கொஞ்சம் அவமானமாகவும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வாதத்தில் தனக்கு ஈடானவர் ஒருவரை அவர் அதுவரை திருவனந்தபுரத்தில் கண்டதில்லை.

இரண்டு பக்கம் தள்ளி அவர் தேடியது கிடைத்தது.

"தாசம்மா, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். "உனக்க பேராயரு என்ன சொல்லுகாருண்ணு கேளு. மேல்மாடியில வைக்க மனசு வரல்லேண்ணா, கோவேறு கழுதயக் கெட்டுத இடத்துலயாவது, வேலக்காரங்க இருக்க இடத்துலயாவது ஏத்துக்கோ அப்டீங்காரு. நம்மட்ட கழுத இல்ல. பின்னால வெறகுப்பொர இருக்கு."

கெஞ்சிக் கேட்கிற வேகத்தில் பேராயர் சொன்னதை யோசுவா விதிவிலக்காக எடுத்துக்கொண்டார் என்பது தாசம்மாளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் வாக்குவாதம் செய்யவில்லை. "வெறகுப்பொர போரும்" என்றாள்.

விறகு அடுக்களை இறவாரத்துக்குப் போனது. ஓட்டுக் கொட்டகையான புரைக்கு வெள்ளையடித்தார்கள். சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு மரக்கட்டில், ஒரு சின்ன மேசை, ஒரு அரிக்கேன் விளக்கு வந்தன. தாசம்மாள் தலையணை உறையில் தன் கையால் ஒரு மல்லிகைக் கொடி தைத்தாள். எல்லாம் முடிந்தபின் ஒரு சின்ன இக்கட்டு வந்தது. அந்நியர் யாரும் வரவில்லை.

தாசம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூப்பிட்டாள். வாடகை என்ன என்று கேட்டார்கள். வாடகை இல்லை என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. "வேதத்துல சேக்கவா அம்மா?" என்று ஒரு கிழவர் நேராகவே கேட்டார். இன்னொருத்தி, "வீட்டு வேலைக்கு ஆளு வேணும்ணா சொல்லுங்க, நேரா சொல்லலாமே" என்றாள். பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மாள் மதிலுக்கு அப்பாலிருந்து, "ஆளு வந்தோ தாசம்மே?" என்று தினமும் விசாரித்தாள்.  ஆபீசிலிருந்து வந்ததும் யோசுவாவும் ஒருமுறை புரைப் பக்கம் எட்டிப்பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கடைசியில் வந்தவர் பகவதிப்பெருமாள். பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயி, நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. மனைவி மங்கலத்துக்கு வயிற்றில் ஆபரேஷன். பெண்கள் வார்டில் துணைக்கு அவள் தங்கை இருந்தாள், ஆண்களை இருக்கவிடமாட்டார்கள். மழையில் நனைந்தபடி நின்றவரை தாசம்மாள் குடை பிடித்துக் கூட்டிவந்தாள்.

அவர் வாசலில் நின்றே நிபந்தனைகளைச் சொன்னார். "அம்மா தப்பா நெனைக்கப்பிடாது. நான் வெளியே சாப்பிடமாட்டேன். அடுப்பும் ஒரு பானையும் தந்தாப் போரும், நானே பொங்கிக்கிடுவேன்."

"அடுப்பு புதுசாப் போட்டுத் தாறேன். பானையும் புதுசு இருக்கு" என்றாள் தாசம்மாள்.

அவர் உள்ளே பார்த்தார். வெள்ளையடித்த சுவர், விரித்த கட்டில், தலையணையில் மல்லிகைக் கொடி. "இது ஆருக்க அறை?" என்று கேட்டார்.

தாசம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இது ஆண்டவருக்கு உள்ள அறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பல்துலக்கப் பின்பக்கம் போன யோசுவா, திறந்திருந்த கதவு வழியே பார்த்தார். பகவதிப்பெருமாள் வெறுந்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கட்டிலில் போட்ட விரிப்பு ஒரு சுருக்கம்கூட விழாமல் அப்படியே இருந்தது. தலையணைமேல் ஒரு செம்பருத்திப்பூ.

"ஏன் வே, கட்டில்ல படுக்கல்லியா?"

"அதெப்பிடி சாரே படுக்க? சாமிக்க கட்டிலுல்லா. உங்க சாமியானாலும் சாமி சாமிதானே."

யோசுவா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். கான்ஸ்டாண்டிநோப்பிள் பட்டணம், பேராயர், அவருடைய பிரசங்கம் எல்லாவற்றையும் சொன்னார். சாமி வந்து படுப்பதற்காக வைத்த கட்டில் இல்லை இது. வருகிற அந்நியரையே ஆண்டவராக நினைத்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் போதித்தது என்றார்.

பகவதிப்பெருமாள் பொறுமையாகக் கேட்டார். "அப்போ நான் படுத்தா, உங்க ஆண்டவரு படுத்த மாதிரி. அப்பிடியா?"

"அப்பிடித்தான் அவரு சொல்லுகாரு."

"அவரு சொல்லுகது செரி. நீங்க என்ன சொல்லுகீங்க?"

யோசுவா கையிலிருந்த வேப்பங்குச்சியை முறித்து எறிந்தார்.  

"இண்ணு ராத்திரி நீங்க கட்டில்ல படுக்கணும். அதாக்கும் நான் சொல்லுகது" என்றார்.

அன்று முழுக்க ஆபீசில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஃபைலில் எழுதிய குறிப்பை இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். ஆண்டவருக்கென்று சொல்லித் தான் கொடுத்த விறகுப்புரையை ஒரு திருநீறு பூசிய விவசாயி வந்து பூவைத்துக் கும்பிட்டிருக்கிறார். தான் கட்டிலைப் போட்டவன். ஆனால் அந்தக் கட்டிலை நம்பியவர் அவர்தான் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

துலாமாதத்து மழை, ஐப்பசி மழை, மத்தியானத்துக்குமேல் இடியோடு வரும். இரண்டு நாள் கழித்து அப்படி வந்த மழையில் பலாமரத்துக் கொப்பு ஒன்று முறிந்து விறகுப்புரையின் மேல் விழுந்தது. ஓடு நொறுங்கி, கட்டில் கால்மாட்டில் தண்ணீர் கொட்டியது. பகவதிப்பெருமாள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததால் தலைக்கு வந்தது ஓட்டோடு போனது. யோசுவா ஆபீசிலிருந்து நனைந்துகொண்டு வந்தபோது தாசம்மாள் அரிக்கேன் விளக்கையும் தலையணையையும் மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

யோசுவா வேட்டியை மடித்துக்கட்டினார். "அந்தத் தலைய நீ பிடி" என்றார்.

இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கி, வீட்டைச் சுற்றி, முன்வாசல் வழியாக முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். சிவப்புத் தரையெல்லாம் சேறு. கட்டில் உள்ளே வந்தது. ஆனால் போட இடமில்லை. சோபா வழிமறித்துக்கொண்டு நின்றது. யோசுவா சோபாவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு சோபாவை இழுத்து வராந்தாவில் போட்டார்.

"எந்தா சாரே, சோபா விக்கான் போகுந்நோ?" என்று சரஸ்வதியம்மாள் மதிலிலிருந்து கேட்டாள்.

"தற்காலத்துக்காக்கும்" என்றார் யோசுவா.

பகவதிப்பெருமாள் அன்று பச்சைக் கண்ணாடி ஜன்னலடியில் கட்டிலிலேயே படுத்தார். மங்கலம் குணமாகி ஊருக்குப் போகும்போது இருவரும் வந்து சொல்லிக்கொண்டார்கள். மங்கலம் அந்த அறையை எட்டிப்பார்த்துவிட்டு, "இவரு இந்தத் தரையில சேறு ஆக்கியிருப்பாரே" என்று புருஷனைக் கடிந்தாள். விறகுப்புரைக்குப் புது ஓடு போட்டார்கள், விறகு பழைய இடத்துக்குத் திரும்பியது. சோபா வராந்தாவிலேயே இருந்தது. அதில் உட்கார இப்போது யாரும் யோசிக்கவில்லை, பூனைகூட யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் ஆள் வருவதற்குக் குறைவே இல்லை. பூதப்பாண்டியிலிருந்தும் பறக்கையிலிருந்தும் "பெருமாள் அண்ணன் சொன்னாவ" என்று வந்தார்கள். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து முத்தாரம்மாள் என்ற கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். புருஷன் பாறையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மலைக்குளிருக்குப் பழகியவள், திருவனந்தபுரத்துச் சூட்டில் ஒரு இடத்தில் இருக்கமாட்டாள். விடிவதற்குள் முற்றத்தைப் பெருக்கிவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையில் யோசுவாவுக்குச் சாயா கொண்டுவந்து நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கோப்பையில் குடிப்பது அதுதான் முதல் தடவை.

"கோப்பை நல்லா இருக்குங்க. ஏன் எடுக்காம வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஆரெங்கிலும் வந்தா எடுக்கலாம்ணு."

"நான் வந்திருக்கேனே" என்றாள் முத்தாரம்மாள், வெகு சாதாரணமாக. அவள் போவதற்குள் இரண்டு கோப்பை உடைந்தது. அவள் தேயிலை ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள், அப்படி ஒரு சாயாவை அந்த வீட்டில் அதற்குமுன் குடித்ததில்லை.

எல்லாரும் முத்தாரம்மாள் மாதிரி இல்லை. திரவியம் என்று ஒருவர் வந்தார். தக்கலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வுபெற்றவர். கண்ணுக்கு மருந்து போட வந்தவர் கண் தெளிந்தபின்னும் போகவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை என்பார். உப்பு போட்டால் அது மழைக்கால உப்பு என்பார். மரச்சீனிக் கிழங்கு வாயுவாம். யோசுவா விசிலடித்தால் தலைவலியாம். தாசம்மாள்கூட ஒருநாள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

யோசுவா மறுபடியும் கனத்த புத்தகத்தை எடுத்தார். வந்தவர் யோக்கியரா, தகுதியுள்ளவரா என்று துருவிக்கொண்டிருக்காதே, அவருடைய தேவைதான் அவருடைய தகுதி என்று பேராயர் போதித்திருந்தது அகப்பட்டது. போகாதவரை எப்படி அனுப்புவது என்று எங்கும் அகப்படவில்லை.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் சற்குணத்தைத் தனியே பிடித்தார். "போதகரையா, பொன்வாயன் வீட்டுல திரவியம் மாதிரி ஆளு வந்ததில்லையா?"

"கட்டாயம் வந்திருப்பாரு சாரே. ஆனா அவரு பேராயரு. சமையலு வேற ஆளு பண்ணியிருப்பாங்க" என்றார் சற்குணம். "எனக்கும் தெரியல்ல. தாசம்மாளம்மாட்ட கேளுங்க."

தாசம்மாள் ஏற்கனவே ஒரு வழி கண்டுவைத்திருந்தாள். அந்த வாரம் கருங்கலிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, திரவியத்தின் படுக்கையை வராந்தா சோபாவுக்கு மாற்றினாள். "அண்ணாச்சி, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆசுபத்திரியில நீங்கதான் கூட்டிப்போய்க் காட்டணும்" என்றாள்.

அன்றோடு திரவியம் வேறு ஆளானார். எந்த டாக்டர் எப்போது வருவார், எந்தக் கம்பவுண்டர் சிடுசிடுப்பார், எங்கே நின்றால் சீட்டு சீக்கிரம் கிடைக்கும் என்று அவருக்கு எல்லாம் அத்துப்படி. குறை சொல்வது நிற்கவில்லை. ஆனால் இப்போது பிறருக்காகச் சொன்னார். "கஞ்சி ஆறிப்போச்சு, இந்தப் பிள்ளைக்கு எப்பிடி எறங்கும்?" என்று தாசம்மாளைக் கேட்டார். கருங்கல்காரர்கள் போனபின் வந்த ஆட்களுக்கும் அவரே துணை. மருமகன் வந்து கூப்பிட்டபோது அரைமனசோடு கிளம்பினார். பஸ் ஏறுகிற வரைக்கும் யோசுவாவிடம் ஆஸ்பத்திரி விவரங்களை ஒப்பித்துக்கொண்டே போனார்.

1954 ஆகஸ்டில் காற்று மாறியது. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் திருவனந்தபுரத்து ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி முற்றி, துப்பாக்கிச் சூடு நடந்து, சாவுச் செய்திகள் வந்தன. யோசுவாவின் சித்தப்பா மகன் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்திருந்தது. ஆபீசில் தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் தனித்தனியே சாயா குடிக்கப் போனார்கள். யோசுவா சில நாள் யாரோடும் போகவில்லை.

அந்த மாதத்திலேயே ஒரு மத்தியானம், காக்கி நிக்கரும் தொப்பியுமாக ஒரு கான்ஸ்டபிள் படிவாசலில் வந்து நின்றான். ஆற்றிங்கல்காரன், சின்ன வயது. குழந்தைக்கு விஷக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், தன் அம்மாவுக்குத் தங்க ஒரு இடம் வேண்டும் என்றும், இந்த வீட்டில் ஒரு அறை உண்டு என்று யாரோ சொன்னார்கள் என்றும் மலையாளத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒரு வயதான பெண் பாத்திரத்தைத் துணியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யோசுவா கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றார். அறை காலியாகத்தான் இருந்தது. சித்தப்பா மகனின் வீங்கிய முகம் அவர் கண்முன் வந்தது. நீ எங்கே டியூட்டியில் இருந்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்; அந்தப் பதிலைக் கேட்டபின் கதவைத் திறக்க முடிந்திருக்குமா என்பது அவருக்கே தெரியாது. தாசம்மாள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவருடைய கோபம் நியாயமானது என்று அவளுக்குத் தெரியும்.

"குஞ்ஞினு எத்ர வயஸ்ஸாயி?" என்று யோசுவா குழந்தையின் வயதைக் கேட்டார்.

"மூந்நு, சாரே."

அவர் கொண்டியை எடுத்தார். "அம்ம அகத்தேக்கு வரட்டே" என்று அந்த அம்மாவை உள்ளே வரச் சொன்னார்.

அந்த அம்மா பத்துப் பதினைந்து நாள் தங்கினாள். தாசம்மாளும் அவளும் அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு பேசினார்கள். ஒருத்தி தமிழ், ஒருத்தி மலையாளம், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. யோசுவாவுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. முதல் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் ஆபீசிலிருந்து வரும்போது கால் தானாகவே ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. குழந்தை கண்விழித்து, ஒரு ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. யோசுவாவைப் பார்த்து அந்தச் சுளையை நீட்டியது. அவர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று கான்ஸ்டபிள் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிப்போக வந்தான். நன்றி சொல்லத் தெரியாமல் நின்றவன், பழக்கதோஷத்தில் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தான். யோசுவாவும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தார். மதிலுக்கு அப்பால் சரஸ்வதியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறு வருஷம் சற்குணத்துக்கு வேறு சபைக்கு மாற்றல் வந்தது. புறப்படும்முன் யோசுவா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முன்னறையில் அப்போது அகஸ்தீஸ்வரத்து ஆள் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால், எல்லாரும் வராந்தாவில் சாப்பிட்டார்கள்.

"சாரே, நான் பாடம் சொல்லிட்டுப் போனேன். நீங்க ரெண்டுபேரும் செய்திட்டீங்க" என்றார் சற்குணம்.

"நான் செய்யல்ல போதகரையா" என்றார் யோசுவா. "தப்பிச்சுக்கிட வழி இருக்காண்ணு பாக்கத்தான் புஸ்தகத்தத் தெறந்தேன். அவரு எல்லா வழியையும் அடச்சு வச்சிருந்தாரு."

1956-ல் எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் மதராஸ் ராஜ்யத்துக்குப் போயின. திருவனந்தபுரம் புதிதாகப் பிறந்த கேரளத்துக்குத் தலைநகரம் ஆயிற்று. யோசுவாவின் சொந்த ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் விரும்பினால் அங்கே மாற்றல் வாங்கியிருக்கலாம். பென்ஷனுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி என்று இங்கேயே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கிறது என்றாள் தாசம்மாள்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, களியக்காவிளையிலிருந்து தாணுமாலயன் என்ற வயசாளி ஒருவர் மகனோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரத் தயக்கம்.

"சாரே, நாங்க இப்ப வேற ராஜ்யமாயிட்டோமே. இங்க தங்கலாமா? சட்டம் ஏதாவது உண்டா?"

ஹெட் கிளார்க் யோசுவா கொஞ்சம் யோசித்தார்.

"அந்நியருக்கு உள்ள அறையாக்கும் இது. போன மாசம்வரை நீங்க அவ்வளவு அந்நியம் இல்ல, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது. இப்பம் எல்லாம் செரியாயிட்டு. கேறி வாங்க."

பெரியவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மகன் சிரித்தான். யோசுவா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். தாசம்மாள் உள்ளேயிருந்து, வந்தவர்கள் இரண்டு பேரா மூன்று பேரா என்று கேட்டாள், அரிசி போடுவதற்கு.